ஒண்ணும் ஆகலையே

போன பள்ளி விடுமுறையில் நடந்த இளைஞர் முகாமில் ஒரு தம்பிக்கு இரவுக் காவல். இரண்டு மணிக்குத் தூக்கம் தாங்காமல் வாசல் கேட்டை அப்படியே திறந்து போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டான். காலையில்தான் கண்டுபிடித்தோம். உள்ளே நாற்பது பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஏண்டா இப்படி என்று கேட்டதற்கு, "ஒண்ணும் ஆகலையே அண்ணா" என்றான்.

பொறுப்பாளர்கள் ஒவ்வொருவராகத் திட்டினார்கள். என் முறை வந்தபோது எனக்கு வாய் வரவில்லை. இதே சொல்லை நானும் ஒரு காலத்தில் எனக்குள்ளே பல தடவை சொல்லிக்கொண்டவன். அந்தத் தம்பிக்கு அன்றைக்குச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் சுற்றிவளைத்துத்தான் வரும். இங்கிலாந்து வரைக்கும் போய்விட்டு வர வேண்டும்.

2015-இல் நான் லீட்ஸ் நகரத்தில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். வயது 25. பதினாறு வயதிலிருந்து கப்சாய் ஓட்டினவனுக்கு மோட்டார் இல்லாமல் கை அரிக்கும் இல்லையா? அங்கே முறையாகப் பரீட்சை எழுதி, பெரிய மோட்டார் ஓட்டுகிற லைசென்ஸ் எடுத்து, பழைய ஹோண்டா சிபி500 ஒன்றை வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமப்புறச் சாலைகளில் ஒரு நாள் பயணம் போகிற சின்னக் கூட்டம் ஒன்று கிடைத்தது. மொத்தம் ஏழு மோட்டார். முன்னால் போகிறவர் ஓய்வுபெற்ற தபால்காரர், யார்க்‌ஷயர்காரர். அவரை நாங்கள் 'அங்கிள்' என்போம். முதலில் சிரித்தார், அப்புறம் அவரே தன்னை அப்படிச் சொல்லிக்க ஆரம்பித்துவிட்டார். பிராட்ஃபோர்டிலிருந்து ஒரு சீக்கியர் வருவார். டர்பனோடுதான் ஓட்டுவார், ஹெல்மெட் கிடையாது; 1976-இல் கொண்டுவந்த சட்டம் அவர்களுக்கு அந்த விலக்கைக் கொடுத்திருக்கிறது. ஒரு தாதியும் அவர் கணவரும் ஆளுக்கொரு மோட்டார். கடைசியில் எப்போதும் ஒரு மெக்கானிக், ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டுக்கொண்டு.

இன்னொருத்தன் நம்ம பையன். தைப்பிங்காரன், வயது 19, லீட்ஸில் முதலாம் ஆண்டு முடித்திருந்தான். நான்தான் கூட்டத்தில் சேர்த்துவிட்டேன். ஒரு நாள் பயிற்சி முடித்து, சிவப்பு எழுத்தில் 'எல்' அட்டை ஒட்டிய 125 சிசி மோட்டார் வைத்திருந்தான். அவன் அம்மா எனக்குப் போன் போட்டு, "நீ கூட இருக்கேங்கற தைரியத்துலதான் விட்டிருக்கேன் ஐயா, பார்த்துக்க" என்று சொல்லியிருந்தார்.

ஏழு பேர் தெரியாத சாலையில் போகும்போது எப்படிப் பிரிந்துபோகாமல் இருப்பது? அங்கே கூட்டமாக ஓட்டுகிறவர்களிடம் ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு, அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். முன்னால் போகிறவருக்கு வழி தெரியும். ஒரு திருப்பம் வந்தால், அவர் தனக்குப் பின்னால் இரண்டாவதாக வருகிறவருக்கு 'இங்கே நில்' என்று கையைக் காட்டுவார். அந்த ஆள் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி ஓரமாக நின்று, பின்னால் வருகிறவர்களுக்கு வழியைக் காட்டுவார். ஒவ்வொருவராகக் கடந்து போவார்கள். கடைசி ஆள், அதாவது ஆரஞ்சுச் சட்டைக்காரர் வந்த பிறகுதான் நின்றவர் அவருக்கு முன்னால் சேர்ந்துகொண்டு கிளம்பலாம். அடுத்த திருப்பத்தில் அடுத்தவர் நிற்பார். இப்படியே எல்லாருக்கும் முறை வரும்.

இதில் அழகு என்னவென்றால், மெதுவாக ஓட்டுகிறவன் யாரையும் துரத்த வேண்டியதில்லை. முன்னால் போகிறவர்களின் பின்விளக்கு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பயமில்லை, திருப்பத்தில் ஒருத்தர் நிற்பார். கிராமச் சாலையில் வேக வரம்பு 60 மைல், நம் கணக்கில் 96 கிலோமீட்டர். 125 சிசி வண்டி மேட்டில் அதற்குப் பக்கத்தில்கூடப் போகாது. விடுபட்டுப்போவோமோ என்கிற பயத்தில்தான் புதுசா ஓட்டுகிற பையன்கள் வளைவில் வேகம் எடுத்து விழுகிறார்கள். இந்த ஏற்பாடு அந்தப் பயத்தையே எடுத்துவிடுகிறது. அங்கிள் ஒரே ஒரு விதிதான் சொல்வார்: "ஆரஞ்சு வராமல் நகராதே. வரவில்லையென்றால் நான் உன்னைத் தேடித் திரும்பி வருவேன். நீ அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்."

அந்தச் செப்டம்பர் ஞாயிறு, சுமார் 150 மைல் சுற்று. கோலாலம்பூரிலிருந்து ஈப்போவையும் தாண்டுகிற தூரம். லீட்ஸிலிருந்து ஸ்கிப்டன், அங்கிருந்து கிர்க்பி லான்ஸ்டேல். அந்த ஊரில் லூன் ஆற்றின்மேல் பழைய கல் பாலம் ஒன்று இருக்கிறது, பேய்ப் பாலம் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கெங்கிருந்தோ மோட்டார்கள் வந்து வரிசையாக நிற்கும். நம்ம ஊர் மாமாக் கடை மாதிரி, யாரும் யாரையும் தெரியாமலே பேசிக்கொண்டிருப்பார்கள். அங்கே டீயும் முட்டை ரொட்டியும். பிறகு செட்பர் வழியாக ஹாஸ். அங்கிருந்து வடக்கே ஏறினால் பட்டர்டப்ஸ் கணவாய், 526 மீட்டர் உயரம். 2014-இல் லீட்ஸில் தொடங்கிய டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் முதல் நாள் இந்த மேட்டைத் தாண்டித்தான் போனது. உச்சியில் சாலை ஓரத்திலேயே சுண்ணாம்புப் பாறையில் ஆழமான குழிகள். அந்தக் காலத்தில் ஹாஸ் சந்தைக்கு வெண்ணெய் கொண்டுபோன விவசாயிகள் ஓய்வெடுக்கும்போது உருகாமல் இருக்க அதை அந்தக் குழிக்குள் இறக்கி வைப்பார்களாம். பெயர் அப்படி வந்தது என்பார்கள்.

மேடேறும்போதே மழை பிடித்துக்கொண்டது. நம்ம மழை மாதிரி கொட்டி ஓய்கிற மழை இல்லை அது. சன்னமா, குளிரா, கழுத்து வழியாக உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். சாலையில் ஆடுகள் படுத்திருக்கும், ஹாரன் அடித்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. கணவாயின் மறுபக்கம் இறங்கினால் த்வெய்ட் என்கிற சின்னக் கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு முச்சந்தி. வலது பக்கம் திரும்பினால் ஸ்வேல் ஆற்றோரமாக ரீத் என்னும் ஊர், அங்கேதான் எங்களுக்குத் தேநீர். இடது பக்கம் போனால் கெல்ட், அதற்கப்புறம் வீடு வாசல் இல்லாத மேட்டு நிலம், கடைசியில் கிர்க்பி ஸ்டீவன்.

அங்கிள் எனக்குக் கையைக் காட்டிவிட்டு வலது பக்கம் போய்விட்டார். நான் நின்றேன்.

சீக்கிய நண்பர் கடந்தார். தாதியும் கணவரும் கடந்தார்கள். மிச்சம் இரண்டு பேர். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். கையுறை நனைந்து விரல் மரத்துப்போச்சு. போனில் சிக்னல் இல்லை. பதினைந்து நிமிஷம் ஆனதும் எனக்குள் ஒருத்தன் பேச ஆரம்பித்தான். மேலே குழிகளைப் படம் பிடித்துக்கொண்டிருப்பார்கள். மெக்கானிக்குக்கு வழி தெரியும். பையன் அவர்கூடத்தானே இருக்கிறான். நீ நின்று என்ன ஆகப்போகிறது? இருபதாவது நிமிஷம் நான் கிளம்பிவிட்டேன். மறந்து கிளம்பவில்லை. ஆரஞ்சு வரவில்லை என்று நன்றாகத் தெரிந்துதான் கிளம்பினேன்.

ரீத்தில் மற்றவர்கள் தேநீர்க் கடைக்குள் இருந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. சூடான கோப்பையைக் கையில் பிடித்த சுகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அரை மணி நேரம் கழித்து மெக்கானிக் வந்தார். தனியாக.

கணவாயின் மேலே இரண்டு சைக்கிள்காரர்களுக்கு டயர் பஞ்சராம். அவர் உதவிக்கு நின்றிருக்கிறார். மழையில் பையனையும் ஏன் நிற்க வைப்பது என்று, "நீ மெதுவா இறங்கு, கீழே முச்சந்தியில் உன் அண்ணன் நிப்பான், வழி காட்டுவான்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அங்கிள் என்னைப் பார்த்தார். "பையன் உன்னிடம் வந்தானா?"

"வந்தான்" என்றேன். யோசிக்கவே இல்லை. "கையைக் காட்டினேன். எனக்கு முன்னாடி இந்தப் பக்கம்தான் திரும்பினான். வழியில எங்கயாவது நிப்பாட்டியிருப்பான், மழையில நான் கவனிக்கல."

இதனால் என்ன ஆனது என்று பாருங்கள். அத்தனை பேரும் எழுந்து, ரீத்துக்கும் த்வெய்ட்டுக்கும் நடுவில் இருக்கிற சுமார் 10 மைல் சாலையில் தேடப் போனார்கள். சாலைக்குப் பக்கத்திலேயே ஆறு. ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி, கல் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். தாதி ஆற்றங்கரை வரைக்கும் இறங்கிப் போனார். நானும் பார்த்தேன். அவன் அங்கே இருக்க வாய்ப்பு குறைவு என்று தெரிந்தும், சுவருக்கு மேலே எட்டிப் பார்ப்பவன் மாதிரி எட்டிப் பார்த்தேன். அவன் இடது பக்கம் போயிருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் முதல் பொய் உடையும். சொல்லவில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து ரீத்துக்குத் திரும்பியதும் அங்கிளின் போன் மணியடித்தது. பையன் கிர்க்பி ஸ்டீவனில் ஒரு கடையில் உட்கார்ந்திருந்தான். முச்சந்தியில் யாரையும் காணோம், இடது பக்கம் கிராமம் தெரிந்தது, அங்கே நிற்பார்கள் என்று திரும்பியிருக்கிறான். அப்புறம் மூடுபனியில் மேட்டு நிலம். திரும்பவும் பயம், போகவும் பயம்.

எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். அங்கிள் மட்டும் என்னை ஒரு முறை பார்த்தார். நான் இரண்டாவது பொய்யைச் சொன்னேன்: "நான் நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன். வேற ஏதோ மோட்டாரை அவன்னு நினைச்சிட்டேன் போல. அவனும் மழையில என்னைப் பார்க்காம போயிட்டான்." அவர் ஒன்றும் பேசவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்று இரவு அறையில் படுத்துக்கொண்டு சொல்லிக்கொண்டேன், ஒண்ணும் ஆகலையே.

இந்தக் கேள்வியைப் படித்தவர்களும் விட்டுவைக்கவில்லை. பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்று இரண்டு தத்துவ ஆசிரியர்கள் 1976-இல் இதைப் பற்றி ஒரே மேடையில் எழுதினார்கள். வில்லியம்ஸ் சொல்கிற ஓர் உதாரணம்: ஒரு லாரி ஓட்டுநர், அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை, ஒரு குழந்தை குறுக்கே வந்து அடிபட்டுவிடுகிறது. உங்கள் குற்றமில்லை என்று எல்லாரும் ஆறுதல் சொல்வோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவர் உடனே, சரி, என் குற்றமில்லை என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனால் நமக்கே ஒரு மாதிரி இருக்கும் இல்லையா? நேகலின் கவலை இன்னொரு பக்கம். இரண்டு பேர் ஒரே அளவு அசட்டையாக ஓட்டுகிறார்கள். ஒருத்தன் வழியில் குழந்தை ஓடி வருகிறது, இன்னொருத்தன் வழியில் வரவில்லை. முதல் ஆள் சிறைக்குப் போகிறான், இரண்டாவது ஆள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறான். செய்தது ஒன்றே, வித்தியாசம் அதிர்ஷ்டம் மட்டும்.

நான் அந்த இரண்டாவது ஆள். அந்தப் பையன் மூடுபனியில் ஓர் ஆட்டின்மேல் மோதி விழுந்திருந்தால், நாங்கள் வேறு சாலையில் ஆற்றங்கரையில் தேடிக்கொண்டிருந்திருப்போம். விழவில்லை. அதில் என் சாமர்த்தியம் எதுவுமே இல்லை.

நம்மில் பலர் பரீட்சை முடிவு வரும்போது கீதையைத் துணைக்கு அழைப்போம். கடமையைச் செய், பலன் உன் கையில் இல்லை என்று. மார்க் குறைந்தால் அது ஆறுதல். ஆனால் அந்தப் பேச்சைத் திருப்பிப் போட்டால் சுடுகிறது. பலன் என்னுடையது இல்லையென்றால், நல்லபடியாக முடிந்த பலனும் என்னுடையது இல்லை. அதை எடுத்துப் போர்த்திக்கொண்டு என் செயலை மறைக்க எனக்கு உரிமை ஏது? கெட்ட பலன் வந்தால் மட்டும் 'நான் வெறும் கருவி', நல்ல பலன் வந்தால் 'பார்த்தியா, ஒண்ணும் ஆகல' என்பது கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை மட்டும் காட்டுகிற வேலை.

ஆனால் தம்பி தங்கைகளே, இந்தத் தத்துவம் எல்லாம் சரியாக இருந்தாலும், அது நான் நின்ற இடத்தைத் தொடவில்லை என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. வில்லியம்ஸும் நேகலும் பேசுவது அடிபட்ட குழந்தையைப் பற்றி. நானும் பல காலம் அதையேதான் யோசித்தேன், விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. நடக்காததையே யோசித்துக்கொண்டிருந்ததில் நடந்ததைப் பார்க்கவில்லை.

நடந்தது இதுதான். மறுநாள் பையன் என் அறைக்கு வந்தான். "சாரி அண்ணா. நீங்க நின்னுட்டு இருந்திருக்கீங்க, நான்தான் பார்க்காம போயிட்டேன். எல்லாருக்கும் தொல்லை." நான், "பரவால்லடா, விடு" என்றேன். பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டேன்! மூன்று வாரம் கழித்து மோட்டாரை விற்றுவிட்டான். "எதிர்ல நிக்கிற ஆளே தெரியலன்னா எனக்கு ரோட்டைப் பார்க்கத் தெரியலன்னுதானே அர்த்தம்" என்றான். அதற்கப்புறம் அந்தப் பயணங்களுக்கு அவன் வரவே இல்லை. பஸ்ஸில்தான் போனான். நாங்கள் திங்கட்கிழமை கதை பேசும்போது எழுந்து போய்விடுவான்.

அவன் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "நீ சொல்லித்தான் மோட்டாரை விட்டானாமே, நல்லா இருப்ப ஐயா" என்றார். அவர் பயத்தில் நியாயமும் இருந்தது. பிரிட்டனில் சாலையில் ஓடுகிற வாகனப் போக்குவரத்தில் மோட்டார் சைக்கிளின் பங்கு ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று. சாலையில் சாகிறவர்களில் ஐந்தில் ஒருவர் மோட்டார் ஓட்டி. நம் நாட்டில் பாதிக்கும் மேல். அதனால் என் பொய் ஒரு பிள்ளையைக் காப்பாற்றியதாகக்கூடக் கணக்குக் காட்டலாம். நான் காட்டியும் பார்த்தேன். வள்ளுவரே வாய்மை அதிகாரத்தில், குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்று சொல்லியிருக்கிறாரே! ஆனால் அந்த நன்மைக்கு 'குற்றமில்லாத' என்று ஒரு பூட்டைப் போட்டுத்தான் கொடுத்திருக்கிறார். போதாதென்று, தன் நெஞ்சு அறிந்ததைப் பொய்யாகச் சொன்னவனை அவன் நெஞ்சே சுடும் என்று அடுத்த குறளிலேயே நிற்கிறார். நமக்குச் சௌகரியமான குறளோடு புத்தகத்தை மூடிவிடுவது நம்ம பழக்கம்.

ஆகவே என் கணக்கில் மூன்று தப்பு. முச்சந்தியை விட்டுக் கிளம்பியது ஒன்று. குளிர் தாங்காத மனுஷன் செய்வது. மூன்றில் அதுதான் சின்னது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நின்றேன் என்று சொன்னது இரண்டாவது. அது தேடப் போன அத்தனை பேரையும் தப்பான சாலைக்கு அனுப்பியது. மூன்றாவதைச் செய்ய நான் எதுவுமே செய்ய வேண்டியிருக்கவில்லை: ஒரு பையன் தன் கண்ணையே நம்பாமல் போனதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. முதல் இரண்டையும் அதிர்ஷ்டம் வந்து துடைத்துவிட்டது. மூன்றாவதை அதிர்ஷ்டம் தொடவே இல்லை. அவன் உயிரோடு, சுகமாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தபோதே அது தினமும் நடந்துகொண்டிருந்தது. யாருக்கு ஒண்ணும் ஆகலை? எனக்கு.

முகாமில் கேட்டைத் திறந்து போட்ட தம்பியிடமும் இதைத்தான் கேட்க நினைத்தேன். அவன் படுத்த பிறகு கேட் திறந்திருப்பதைக் கவனித்து, நானா பூட்டாமல் விட்டேன் என்று யாராவது இரவெல்லாம் தூங்காமல் கிடந்தார்களா என்று. விசாரித்ததில் அப்படி ஒரு தங்கை இருந்தாள். அவளுக்கு முந்தின காவல்.

முகாம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றிரவே தைப்பிங்குக்குப் போன் போட்டேன். அவனுக்கு இப்போது கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தை இருக்கிறது. கார்தான் ஓட்டுகிறான். நலம் விசாரித்துவிட்டு, அந்த முச்சந்தியைப் பற்றிச் சொன்னேன். இருபது நிமிஷம் நின்றது, கிளம்பியது, ரீத்தில் சொன்னது, அவன் மன்னிப்புக் கேட்டபோது நான் விட்டுக்கொடுத்த மாதிரி நடித்தது, எல்லாம்.

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமில்லை. குழந்தை ஏதோ கேட்டது, இருமா என்றான். திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"அப்ப நான் உங்களைப் பார்க்காம போகல?" என்றான்.

"இல்லடா. நீ சரியாத்தான் பார்த்த. அங்க யாரும் இல்ல."

"நான் அந்த இடத்துல நிப்பாட்டி ரெண்டு பக்கமும் பார்த்தேன் அண்ணா" என்றான். "நல்லா ஞாபகம் இருக்கு. ரெண்டு தடவ பார்த்தேன்."